டிட்கோவின் ஐந்து பக்கங்களும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியும்

மூன்று பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸ்களை கிரேடிங்குக்கு, அதாவது தரம் பார்த்து மதிப்பெண் போடும் ஒரு நிறுவனத்துக்கு, அனுப்பியிருந்தேன். நாலரை மாதம் கழித்துத் திரும்பி வந்தன. பழைய காமிக்ஸ் சேர்ப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: அனுப்பலாமா, வேண்டாமா? மூன்று இதழுக்கும் மூன்று விதமான பதில் கிடைத்தது. அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் மேல் எனக்குக் குறையும் உண்டு, நன்றியும் உண்டு. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதே முறையில்தான் வேலை செய்கிறார்கள்.

புதியவர்களுக்காக முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படிவத்தை நிரப்பி, இதழின் மதிப்பு இவ்வளவு என்று நாமே எழுதி, பார்சலில் அனுப்ப வேண்டும். மதிப்பு கூடக்கூடக் கட்டணமும் கூடும். அங்கே பக்கங்களை எண்ணுகிறார்கள், யாராவது பழுது பார்த்திருக்கிறார்களா என்று சோதிக்கிறார்கள், ஒருவருக்கு மேற்பட்டவர்கள் பார்த்து 0.5 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். பிறகு இதழை ஒரு கடினமான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஒட்டி மூடி, மேலே லேபிள் வைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். இந்தப் பெட்டியைத்தான் ஸ்லாப் என்கிறோம். உடைத்தால் ஒழிய இதழை வெளியே எடுக்க முடியாது. உடைத்தால் அந்த மதிப்பெண் அதோடு செல்லாமல் போகும். மூன்று இதழுக்கும் சேர்த்து, பிரெஸ்ஸிங் (ஈரப்பதமும் சூடும் கொடுத்து இதழை அழுத்துவது), போகவர அஞ்சல், காப்பீடு எல்லாம் உட்பட எனக்கு 300 டாலருக்கு மேல் ஆனது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன்.

ஃபென்டாஸ்டிக் ஃபோர் 49, ஏப்ரல் 1966. ஜாக் கிர்பி வரைந்து, ஜோ சின்னாட் மை தீட்டிய இதழ். கலாக்டஸ் பூமியை விழுங்க வந்து, நாயகர்கள் குடியிருக்கும் பாக்ஸ்டர் கட்டடத்தின் மொட்டை மாடியில் தன் இயந்திரத்தைப் பூட்டுவது இதில்தான் வருகிறது. அவனுக்கு முன்னோடியாக வரும் சில்வர் சர்ஃபர், எழுத்தாளர் ஸ்டான் லீயோடு பேசிய கதையிலேயே இல்லாத பாத்திரம். இவ்வளவு பெரியவனுக்கு ஒரு தூதன் வேண்டாமா என்று கிர்பியே யோசித்து, முந்தைய 48ஆம் இதழின் பக்கங்களில் வரைந்து கொண்டுவந்து வைத்தார். ஸ்டான் லீக்கு அந்தப் பக்கங்களைப் பார்த்த பிறகுதான் அப்படி ஓர் ஆள் இருப்பதே தெரியும். பேசப்பட்ட கதைக்கும் அச்சான கதைக்கும் நடுவில் ஓவியர் எவ்வளவு செய்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இந்தப் பிரதியை மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருவரிடம் வாங்கினேன். "யார் கையும் படாத பிரதி" என்று எழுத்திலேயே சொல்லியிருந்தார். அட்டை பளிச்சென்று இருந்தது. முதுகு ஓரத்தில் சுருக்கம் இருந்தும் எங்குமே வெள்ளை தெரியவில்லை. அது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. உண்மையில் அங்கேதான் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அறுபது ஆண்டு பழைய அட்டையில் மடிப்பு விழுந்தால் மை உதிர்ந்து உள்ளிருக்கும் வெள்ளைத் தாள் தெரியத்தான் செய்யும். கிரேடிங் நிறுவனம் அதைக் கண்டுபிடித்துவிட்டது. யாரோ அட்டையின் நிறத்துக்கு ஒத்த மையால் முதுகு நெடுகப் புள்ளி புள்ளியாகத் தொட்டு வைத்திருக்கிறார்கள். புற ஊதா விளக்கில் பார்த்தால் அச்சு மை ஒரு மாதிரியும் இந்த மை வேறு மாதிரியும் தெரியுமாம். பழுது பார்த்த பிரதி என்பதைக் காட்டும் தனி நிற லேபிளோடு, எந்த இடத்தில் என்ன செய்திருக்கிறது என்ற குறிப்போடு வந்து சேர்ந்தது.

அந்த லேபிளைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது உண்மை. ஆனாலும் இந்தச் சேவைக்குக் கொடுத்த பணம் வீண் போகவில்லை என்று நான் நினைப்பது இந்த ஓர் இதழுக்காகத்தான். என் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. என்னிடமிருந்து வாங்குபவரிடமும் "யார் கையும் படாத பிரதி" என்றே நானும் சொல்லியிருப்பேன். விற்றவருக்குக் குறிப்பின் படத்தை அனுப்பினேன். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதிக விலை கொடுத்து யாரிடமாவது வாங்கப் போகிறீர்கள் என்றால், அது ஏற்கெனவே பரிசோதித்த பிரதியா என்று பாருங்கள். பழுதைக் கண்டுபிடிப்பதில் இவர்களுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

இரண்டாவது, இன்க்ரெடிபிள் ஹல்க் 181, நவம்பர் 1974. வூல்வரின் முழுதாகத் தோன்றும் முதல் இதழ். முந்தைய 180ஆம் இதழின் கடைசிப் பக்கத்தில் எட்டிப் பார்ப்பான், இதில்தான் சண்டைக்கு இறங்குவான். என் பிரதியில் மார்வெல் வேல்யூ ஸ்டாம்ப் இல்லை. அது எனக்கு வாங்கும்போதே தெரியும், அதனால்தான் என்னால் வாங்கவே முடிந்தது. அந்தக் கால மார்வெல் இதழ்களில் வாசகர் கடிதப் பக்கத்தில் ஒரு சிறு படம் இருக்கும். வெட்டி எடுத்து அதற்கென்று உள்ள புத்தகத்தில் ஒட்டச் சொல்வார்கள். மொத்தம் 100 படங்கள். ஹல்க் 181இல் இருந்தது 54ஆம் எண், ஷன்னா என்ற நாயகியின் படம். ஏதோ ஒரு பிள்ளை 1974இல் கத்தரிக்கோலை எடுத்து, கோடு பிசகாமல், அழகாக வெட்டியிருக்கிறது. அந்த ஓட்டையைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அந்த இதழ் அப்போது 25 சென்ட். வெட்டுவதற்காகவே அச்சடித்த படத்தை வெட்டியதில் என்ன தவறு?

லேபிளில் "ஸ்டாம்ப் இல்லை" என்று சரியாகக் குறித்திருந்தார்கள். இந்தப் படம் இல்லாத பிரதியை அறியாமல் முழு விலைக்கு வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்கிறார்கள் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் திரும்பி வந்த பெட்டியில் ஒரு பிரச்சினை. ஸ்லாபுக்குள் இதழ் அசையாமல் இருக்க ஒரு மெல்லிய உள்ளுறை இருக்கும். அது இந்தப் பிரதிக்குக் கொஞ்சம் தளர்வாக இருந்திருக்கிறது. வழியில் குலுங்கிக் குலுங்கி, கீழ் வலது மூலை உள்ளே மடங்கிப் போயிருந்தது. அனுப்பும் முன் நான் எடுத்த படத்தில் அந்த மூலை நேராக இருக்கிறது. அவர்கள் சோதனை நேரத்தில் எடுத்த படத்திலும் நேராகத்தான் இருக்கிறது. எழுதினேன். படம் கேட்டார்கள். அனுப்பினேன். மறுபடியும் அதே படத்தைக் கேட்டார்கள். கடைசியில் வேறு உறையில் மாற்றித் தருகிறோம் என்று வாங்கிக்கொண்டு, ஆறு வாரம் கழித்து அனுப்பினார்கள். மாற்றியதற்குக் கட்டணம் இல்லை. மூலையில் விழுந்த மடிப்பு அப்படியே இருக்கிறது. மதிப்பெண்ணும் அப்படியே இருக்கிறது. பாதுகாப்பாக வைத்திருக்கவே பெட்டி என்று சொல்லிவிட்டு, அந்தப் பெட்டியே மூலையை மடக்கினால் எப்படி?

ஹல்க் 181 என்றாலே எல்லோரும் வூல்வரின் பெயரைச் சொல்வார்கள். நான் ஹெர்ப் ட்ரிம்பியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். 1968இல் தொடங்கி 1975 வரை ஹல்க்கை ஏறக்குறைய மாதம் தவறாமல் வரைந்தவர் அவர். வூல்வரினின் உடையை வடிவமைத்தது ஜான் ரொமீட்டா, கதை லென் வீன், முதன்முதலாகப் பக்கத்தில் அவனை ஓட விட்டது ட்ரிம்பி. 1990களின் நடுவில் மார்வெல் நொடித்தபோது அவருக்கு வேலை போனது. பிறகு பள்ளியில் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்தார். 180ஆம் இதழின் அந்தக் கடைசிப் பக்கத்தின் மூல ஓவியத்தை 1983இல் ஒரு பதின்வயதுப் பையனுக்குச் சும்மா கொடுத்திருந்தார். 2014இல் அது ஏலத்தில் 6,57,250 டாலருக்குப் போனது. அதை வைத்திருந்தவர் அந்தப் பணத்தில் பெரும் பகுதியை, கஷ்டத்தில் இருக்கும் காமிக்ஸ் கலைஞர்களுக்கு உதவும் ஹீரோ இனிஷியேட்டிவ் அமைப்புக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டே ட்ரிம்பி இறந்துவிட்டார். அந்தப் பணத்தை அப்படிக் கொடுத்த மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

சரி, மூன்றாவது இதழுக்கு வருகிறேன். இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அமேசிங் ஸ்பைடர்மேன் 33, பிப்ரவரி 1966, விலை 12 சென்ட். வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ. முந்தைய இதழின் முடிவில் ஸ்பைடர்மேன் நீருக்கடியில் உள்ள ஒரு தளத்தில், வீட்டளவு பெரிய இயந்திரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறான். சாகக் கிடக்கும் அத்தைக்கு வேண்டிய மருந்துக் குப்பி கண் முன்னே இருக்கிறது, கைக்கு எட்டவில்லை. மேல்கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. 33ஆம் இதழின் முதல் ஐந்து பக்கங்களில் அவன் செய்வது ஒன்றே ஒன்றுதான். அந்த இயந்திரத்தைத் தூக்குகிறான்.

இதை வரைந்திருக்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் பக்கத்தின் பெரிய படம் முடிந்ததும் கட்டங்கள் சின்னச் சின்னதாக இருக்கின்றன. இயந்திரம் கட்டத்தின் மேல்பாதியை அடைத்துக்கொண்டு நிற்க, அவன் அடியில் ஒடுங்கிக் கிடக்கிறான். பார்க்கும் நமக்கும் மூச்சு முட்டுகிறது. அத்தையின் முகமும் இறந்துபோன பென் மாமாவின் முகமும் அவன் நினைவில் வந்து போகின்றன. ஒரு முழங்கை ஊன்றுகிறது. முதுகு ஓர் அங்குலம் எழும்புகிறது. சொட்டாக விழுந்த தண்ணீர் ஒழுக ஆரம்பிக்கிறது. பக்கம் திருப்பத் திருப்பக் கட்டங்கள் அகலமாகிக்கொண்டே போகின்றன. அவனுக்கு இடம் கிடைப்பது போலவே நம் கண்ணுக்கும் இடம் கிடைக்கிறது. ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினால் ஏறக்குறைய பக்கம் முழுவதும் ஒரே படம்: இயந்திரம் மேலே போகிறது, தண்ணீர் கொட்டுகிறது, அவன் நிமிர்ந்து நிற்கிறான். கட்டத்தின் அளவை வைத்தே பாரத்தைச் சொல்லிவிடலாம் என்பதை நான் கற்றது இந்தப் பக்கங்களில். திருப்பிப் பார்த்தால்தான் அது நடக்கும். தனியாக ஐந்தாம் பக்கத்தை மட்டும் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டினால் அது நன்றாக வரைந்த ஒரு படம், அவ்வளவுதான்.

இதை வரைந்த நாட்களில் டிட்கோவும் ஸ்டான் லீயும் நேரில் பேசிக்கொள்வதே நின்றுவிட்டிருந்தது. டிட்கோ தானே கதையை அமைத்து, வரைந்து கொண்டுவந்து கொடுப்பார். அதற்குப் பிறகு லீ வசனம் எழுதுவார். கதையமைப்பு டிட்கோவுடையது என்று அந்த இதழ்களிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஐந்து இதழ் கழித்து, 38ஆம் இதழோடு, அவர் ஸ்பைடர்மேனை விட்டே போய்விட்டார். பேட்டி கொடுப்பதையும் நிறுத்திக்கொண்டார். நான் வரைந்தது பேசட்டும் என்பதே அவர் நிலை. 2018இல், 90ஆவது வயதில், நியூயார்க்கில் இறந்தார்.

இப்படிப்பட்ட இதழை நான் பெட்டிக்குள் போட அனுப்பினேன். காரணம் இருந்தது. மேல் ஸ்டேபிள் பின்னைச் சுற்றித் துரு தெரிய ஆரம்பித்திருந்தது. தாள் ஓரங்கள் பழுப்பேறிக்கொண்டு வந்தன. அந்தக் காலத்து நியூஸ்பிரிண்ட் தாளில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது தன்னைத் தானே அரித்துக்கொள்ளும். எனக்குப் பிறகும் இது இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வேலை நேர்த்தியாகத்தான் செய்திருந்தார்கள். பிரெஸ்ஸிங்கில் அட்டையின் நடுவில் இருந்த நெளிவு அடையாளமே இல்லாமல் போயிருந்தது. மை உடைந்த மடிப்புகளை அது சரி செய்யாது, அதை அவர்கள் முன்கூட்டியே சொல்லியும் விட்டார்கள். மதிப்பெண் 5.0. நானே கணக்குப் போட்டிருந்தது 4.5. தாளின் நிறத்தையும் துருவையும் நேர்மையாகக் குறித்திருந்தார்கள். குறை சொல்ல முடியாத கிரேடிங்.

அலமாரியில் நிறுத்தி வைத்தேன். முதல் வாரம் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் இரவு அந்த ஐந்து பக்கங்களைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. எழுந்து போய் ஸ்லாபைக் கையில் எடுத்தேன். அட்டை தெரிகிறது. பின்னட்டை தெரிகிறது. நடுவில் இருக்கும் எதுவும் தெரியவில்லை. டிட்கோ வரைந்தது, எழுத்து பதித்தவரின் கைவேலை, ஸ்பைடர்ஸ் வெப் கடிதப் பக்கத்தில் 1966இன் வாசகர்கள் போட்ட சண்டை, எல்லாம் இரண்டு அட்டைக்கு நடுவில் மூடிக் கிடக்கிறது. மேலே 5.0 என்று எண் மட்டும் பெரிதாக நிற்கிறது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் "அட்டையும் ஓவியமும் ஸ்டீவ் டிட்கோ". கதையமைப்பு அவருடையது என்பது அதில் இல்லை. பிறகு ஃபென்டாஸ்டிக் ஃபோர் லேபிளையும் எடுத்துப் பார்த்தேன். கிர்பி பெயர் இருக்கிறது, சின்னாட்டின் பெயர் இல்லை. கலாக்டஸின் உலோகம் பளபளப்பது சின்னாட்டின் தூரிகையில். இதைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். லேபிளில் இடம் இவ்வளவுதான் என்று பதில் வந்தது. அந்த லேபிளில் எண்ணுக்கு எடுத்துக்கொண்ட இடத்தில் கால் பங்கு போதும், எல்லாப் பெயரையும் எழுதிவிடலாம்.

இது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. இந்த ஓவியர்கள் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலிக்கு வேலை பார்த்தவர்கள். 1938இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்குக் கொடுத்தார்கள். சூப்பர்மேன் முதலில் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் 1இன் ஒரு பிரதி, இதே மாதிரி ஸ்லாபில், 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பேட்மேனை உருவாக்கியதில் பெரும் பங்கு வகித்த பில் ஃபிங்கர் இறந்தது 1974இல், பெயர் முறைப்படி சேர்க்கப்பட்டது 2015இல். கிர்பி தான் வரைந்த பக்கங்களைத் திரும்பக் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார். பத்தாயிரத்துக்கும் மேல் வரைந்தவருக்கு 1987இல் கைக்கு வந்தது ஏறக்குறைய 2,000 பக்கங்கள். இவர்களுக்குப் பணமாக எதையும் நம்மால் திருப்பித் தர முடியாது. பெயரையாவது முழுதாக எழுத வேண்டாமா? தாளின் ஒவ்வொரு சுருக்கத்தையும் இவ்வளவு கவனமாகக் குறிக்கத் தெரிந்தவர்களிடம் நான் இதைக் கேட்பது நியாயம் என்றே நினைக்கிறேன்.

மறுநாள் அந்த ஸ்லாபைப் பிரித்தேன். அவசரப்படாமல் செய்தால் ஆபத்து இல்லை. மேல் மூலையில் தட்டையான திருப்புளியை நுழைத்து மெதுவாகத் திருகினால் ஒட்டு விடும். ஓரமாக ஒவ்வொரு அங்குலமாகப் போக வேண்டும். பிளாஸ்டிக் சில்லு தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். உள்ளுறையைக் கத்தரிக்கும்போது கத்தரியின் முனை இதழுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். பெட்டி திறந்ததும் முதலில் வந்தது வாசனை. பழைய நியூஸ்பிரிண்டின் அந்த லேசான இனிப்பு கலந்த வாசனை நாலரை மாதத்துக்கும் மேலாக என் அறையில் இல்லாமல் இருந்திருக்கிறது.

இப்போது அதை வைத்திருப்பது தூய பாலியஸ்டர் உறையில். மைலார் என்று கேட்டால் கிடைக்கும். நான்கு மில் தடிமன் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), உள்ளே அமிலம் இல்லாத அட்டைப் பலகை. விலை மலிவான பாலிப்ரொப்பிலீன் பைகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மைலாரை மாற்ற வேண்டியதில்லை. 1960களின் இதழ்கள் இன்றைய இதழ்களைவிடக் கொஞ்சம் அகலம், அதனால் சில்வர் ஏஜ் அளவு என்று பார்த்து வாங்குங்கள். இறுக்கமான உறையில் திணித்தால் ஓரம் மடங்கும். உறையின் மடிப்பை ஒட்ட டேப் போடாதீர்கள். இதழை வெளியே எடுக்கும்போது டேப் அட்டையில் ஒட்டி மையை உரித்துக்கொண்டு வந்துவிடும். எனக்கு ஒருமுறை அப்படி ஆகியிருக்கிறது. வெளிச்சம் படாத, ஈரம் ஏறாத அலமாரியில் நிறுத்தி வைத்தால் போதும். துருவுக்கு ஈரம்தான் எதிரி.

ஹல்க் 181 ஸ்லாபிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என்றாவது விற்க வேண்டி வந்தால் வாங்குபவர் ஏமாறக் கூடாது. ஃபென்டாஸ்டிக் ஃபோர் 49ஐயும் பிரித்துவிட்டேன். இனி அனுப்புவேனா என்றால், புதிதாக வாங்கும் விலை கூடிய பிரதியைப் பரிசோதனைக்காக அனுப்புவேன். அதே நிறுவனத்துக்கேகூட அனுப்புவேன், உள்ளுறையின் அளவை முன்பே எழுத்தில் கேட்டுக்கொண்டு. விற்க நினைப்பவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன். எடுத்துப் படிக்கும் இதழை அனுப்ப மாட்டேன்.

33ஆம் இதழின் பழைய லேபிளைத் தூக்கிப் போடவில்லை. தரம் பார்த்த தேதியும் குறிப்புகளும் அதில் இருக்கின்றன, அவை உண்மை. உறைக்குள், அட்டைப் பலகைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வைக்கும் முன், ஸ்டீவ் டிட்கோ என்ற பெயருக்குப் பக்கத்தில் "கதையமைப்பும்" என்று பென்சிலால் எழுதினேன். ஃபென்டாஸ்டிக் ஃபோர் இதழோடு வந்த குறிப்பில் சின்னாட்டின் பெயரையும் அப்படியே சேர்த்தேன்.